பதினாறு வீடும் தெரியாத போன்

அவரிடம் இரண்டு கைபேசிகள் இருந்தன. புதியது கம்பெனி கொடுத்தது; அதை நீலச் சீருடைச் சட்டையின் பையில் வைத்திருப்பார். பழையது தோளில் தொங்கும் துணிப்பைக்குள் கிடக்கும். அதன் முகத்தில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை விரிசல். பின்மூடி கழன்றுவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டு. வேலை என்று வந்துவிட்டால் அவர் கை தேடுவது பழையதைத்தான்.

முதல் நாளே கேட்டுவிட்டேன். "ஏம்மா, புதுசு இருக்கும்போது இதை எதுக்கு எடுக்கிறீங்க?"

"புதுசு எல்லாத்தையும் பாக்கும் சார். அது பாத்து இன்னா பிரயோஜனம்? உங்க ப்ளக்கு பாக்கணுமே. இந்த போனுக்கும் அந்த ப்ளக்குக்கும் ஒரே கண்ணு. இதுக்குத் தெரியாதது அதுக்கும் தெரியாது."

நான் முப்பத்தோரு வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். புத்தகங்களில் தேதி முத்திரை குத்திய கை. ஓய்வுபெற்ற பிறகும் நாட்குறிப்பில் கிழமையும் நேரமும் போடாமல் ஒரு வரி எழுத வராது. ஆகவே அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்: செவ்வாய், காலை பத்து ஐம்பத்தைந்து. அதன் முழு அர்த்தம் அன்று மாலைவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் அவரைப் பற்றி ஒரு முறை எழுத நேர்ந்தபோது, "பேரெல்லாம் எதுக்கு சார்? டெக்னீஷியன்னு போடுங்க, போதும்" என்றார். பெயர் பெற்றோர் வைத்தது, டெக்னீஷியன் என்ற சொல் தானே ஏணி ஏறிப் பிடித்தது என்பது அவர் எண்ணம். இரும்புலியூரில் எங்கள் பகுதிக்கு இணைய இணைப்புக் கொடுத்துவந்த சிறிய கம்பெனி ஒன்றில், தொலைபேசி எடுத்துப் புகார்களை எழுதிக்கொள்ளும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்திருக்கிறார். நான்கு வருடம் எழுதியிருக்கிறார்.

"தினம் அதே கம்ப்ளெயின்ட்ட எழுதிகினு இருந்தா யாருக்குத்தான் கடுப்பாவாது? நெட் வேல செய்யல, நெட் வேல செய்யல. ஒருநாள் முதலாளியாண்ட போய், ஏணியக் குடுங்க, நானே போறேன்னேன். பொம்பள ஏணி ஏறுவியான்னாரு. எங்க ஊர்ல தென்ன மரமே ஏறிகீறேன்னேன். பொய்தான். அதுக்கப்பறம் ஏறிக் கத்துகினேன்."

சுடிதாரின்மேல் ஆண்களுக்குத் தைத்த சீருடைச் சட்டையைப் போட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். நாற்பதை ஒட்டிய வயது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையில் உட்கார்ந்துவிடுவார். நாற்காலி கொடுத்தால், எழுந்து போகும்போது உட்காருகிறேன் என்பார். ஆனால் எழுந்ததும் போய்விடுவார். "வேலை செய்யல" என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும். "அப்டி சொல்லாதீங்க. அதுக்கு அங்கேருந்து இன்னா தெரியுதுன்னு மொதல்ல பாப்போம்" என்பார். எந்தச் சாமானை இணைக்க வேண்டுமோ அது இருக்கும் உயரத்துக்குத் தன் தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, பழைய போனைப் பிடித்து, அசையாமல் பார்ப்பார்.

இதற்கு ஓர் உதாரணம். எங்கள் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குரலில் இன்னும் பிரம்பு இருக்கும். அவர் வீட்டு வாசலில் கேமரா வைத்த அழைப்புமணி ஒன்று பொருத்தப்பட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இணைப்பை இழந்துகொண்டிருந்தது. அழைத்த அன்று நானும் போயிருந்தேன். நம் டெக்னீஷியன் வீட்டுக்குள் போகவில்லை. வெளி நடையில் மணிக்குக் கீழே, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்.

"என்னம்மா இது, தரையில? உள்ள சோஃபா இருக்கே."

"சோஃபாவுல உக்காந்தா எனக்குத்தான் சொகமா இருக்கும் டீச்சர். மணி இங்கதான நிக்குது?" பழைய போனைக் காட்டினார். "ஒரே ஒரு கோடு. அதுவும் வருது, போவுது. நெட் பெட்டிய எங்க வெச்சிருக்கீங்க?"

தலைமையாசிரியை அந்த ரவுட்டர் பெட்டியைப் படுக்கையறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், தூசி படாமல் ஒரு பூவேலைத் துணி போர்த்தி வைத்திருந்தார்.

"வகுப்புல பசங்கள நிக்க வெக்கிற மாதிரி இத்தக் கொண்டாந்து பீரோ பின்னாடி நிக்க வெச்சிட்டீங்களே டீச்சர்."

"நான் யாரையும் நிக்க வெச்சதில்ல."

"அப்ப இது மட்டும் இன்னா தப்பு பண்ணிச்சு?"

முப்பது வருடம் பள்ளியை ஆட்டிவைத்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பெட்டி கூடத்துக்கு வந்தது. மணி அதன்பின் ஒருநாளும் தவறவில்லை.

ஆனால் அவரை நான் நினைவில் வைத்திருப்பது மணிக்காக அல்ல. என் அண்ணனுக்காக.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். மறைமலை நகரில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தவர். அறுபது பேர் அவர் குரலுக்காகக் காத்து நிற்பார்கள். ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று. இடது கை அசையும், பிடி நிற்காது. வாயின் ஓரம் தொங்கிப் பேச்சு குழறியது. பழகியவர்களுக்கு மட்டும் புரியும். அண்ணி அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். காலையில் குளிப்பாட்ட ஓர் ஆள் வருவார். மற்றபடி அவரும் நானும்தான்.

தலைக்கு மேலே சுற்றும் விசிறி அவருக்குத் தலைசுற்றலைத் தந்தது. அதனால் கட்டிலின் காலடியில் ஒரு ஸ்டாண்டு ஃபேன். போட்டால் கால்மணி நேரத்தில் உடம்பு நடுங்கும். நிறுத்தினால் அடுத்த கால்மணியில் வேர்க்கும். நாள் முழுதும் போடு, நிறுத்து, போடு, நிறுத்து. ரிமோட் வைத்த ஃபேன் ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். மூன்றாம் நாளே ரிமோட் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அதை எடுக்க மறுபடியும் ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம், என் வீட்டுக் கூடத்தில் குடியிருப்போர் சங்கத்தின் குழுக் கூட்டம் நடந்தது. நான்தான் செயலாளர். வண்டி நிறுத்துமிடம் பற்றிய பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. முடிந்ததும் உள்ளே போனேன். அண்ணனின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலையணையில் ஈரம்.

"ஏன்ணா கூப்பிடல?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எத்தன தடவடா கூப்புடுறது."

அன்று மாலையே, பேச்சைக் கேட்டு நடக்கும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றும், ஃபேனின் வயரைச் செருகும் ஸ்மார்ட் ப்ளக் ஒன்றும் வாங்கினேன். ஸ்பீக்கரிடம் சொன்னால் அது ப்ளக்குக்குச் சொல்லும், ப்ளக் ஃபேனைப் போடும். ஸ்பீக்கர் இரண்டு நிமிடத்தில் இணைந்துவிட்டது. ப்ளக் இணையவில்லை. ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி, கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று கைபேசியில் ஒரு வரி வரும். பதின்மூன்று முறை முயன்றேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கிறேன். கம்பெனிக்குச் சொன்னதும் முதலில் வந்தவர் எல்லாவற்றையும் ரீசெட் செய்தார். இரண்டாவதாக வந்தவர் நெட் பெட்டியையே மாற்றிவிட்டு, என் பழைய அமைப்புகளை அப்படியே அதில் ஏற்றிக் கொடுத்தார். இருவரும் போகும்போது ப்ளக் மட்டமான சரக்கு என்றார்கள். இருவரும் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, "பேஷண்ட்ட கொஞ்சம் நகத்தலாமா சார்?" என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

நான் முயலும்போதெல்லாம் அந்த ஆரஞ்சு விளக்கை அண்ணன் கண்கொட்டாமல் பார்ப்பார். எட்டாம் நாள், பதின்மூன்றாவது முயற்சியும் தோற்றபோது, "விடுடா. பழகிடுச்சு" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். அறுபது பேரை வேலை வாங்கிய மனிதர், பழகிடுச்சு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த செவ்வாய் காலை பத்து நாற்பதுக்கு நம்மவர் வந்தார். அதுவரை கூடுவாஞ்சேரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்த வாரம்தான் எங்கள் பகுதிக்குப் போட்டிருந்தார்கள். நெட் பெட்டி எங்கே என்று கேட்கவில்லை. "அந்த ப்ளக்கு எங்க சார் கீது?" என்றார். அண்ணனின் அறை வாசலில் நின்றார்.

"வணக்கம்ணா. உள்ள வர்லாமா?"

என்னைச் சார் என்றவர், அவரை அண்ணா என்றார். அண்ணன் தலையசைத்தார். வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில், ப்ளக் செருகியிருந்த சுவரோரம் உட்கார்ந்து, பழைய போனை எடுத்தார். அப்போதுதான் நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டதும், அவர் அந்தக் கண் சமாச்சாரத்தைச் சொன்னதும். பிறகு வெகுநேரம் போனையே பார்த்தார். நிமிர்ந்தார்.

"சார், இந்த பில்டிங்ல எத்தினி வூடு?"

"பதினாறு."

"எத்தினி வூட்ல ஆள் கீது?"

"எல்லாத்துலயும்தான். ஏன்?"

"எதிர்ல டீக்கடை நெட் தெரியுது. அதுக்கு அந்தாண்ட டெய்லர் கடை தெரியுது. இந்த பில்டிங்ல ஒரு வூடுகூடத் தெரியல. இன்னா சார், எல்லாரும் காலி பண்ணிகினு பூட்டாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என் கைபேசியை நீட்டினேன். அதில் எங்கள் வீடும் அக்கம்பக்கத்து வீடுகளும் வரிசையாக, முழுக் கோடுகளோடு இருந்தன. அவர் இரண்டு போன்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கீழ லிஃப்ட்டாண்ட ஒரு நோட்டீஸ் ஒட்டிகீதே. அது யார் சார் எழுதினது?"

"நான்தான்." சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது உண்மை.

"படிச்சேன். ஸ்டெப் ஸ்டெப்பா, நல்லா எழுதிகீறீங்க."

"நன்றி."

"அதான் சார் பிரச்சினையே."

அந்தச் சுற்றறிக்கையின் கதை இது. மூன்று மாதத்துக்கு முன், வீடுகளில் நெட் மந்தமாக இருக்கிறது என்று குழுவில் குறை எழுந்தது. நான் படிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு நெட் பெட்டியும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5. முதலாவது பழையது, நெரிசல் மிகுந்தது. இரண்டாவது புதியது, வேகமானது. அத்துடன் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டிரண்டு பெயர்களாகக் கைபேசியின் வைஃபை பட்டியலில் முப்பத்திரண்டு பெயர்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு அட்டை எழுதிய நூலகம்போல இருந்தது எனக்கு. ஆகவே, பழைய 2.4-ஐ அனைவரும் அணைத்துவிட்டு, 5-ஐ மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று எழுதி, எப்படி அணைப்பது என்று ஆறு படிகளில் விளக்கி, கையெழுத்திட்டு ஒட்டினேன். எங்கள் குடியிருப்பில் ஆசிரியர்கள், அலுவலகக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள். எழுத்தில் வந்த எதையும் மதிப்பவர்கள். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி நான் எழுதிய நான்கு அறிக்கைகளை ஒருவரும் கேட்டதில்லை. இதை மட்டும் பதினாறு வீடும் அந்த வாரக் கடைசிக்குள் செய்து முடித்துவிட்டார்கள்.

"ஆனா 5தானே நல்லது? படிச்சுத்தானே எழுதினேன்" என்றேன்.

"படிச்சது கரெக்ட்தான் சார். அத்த போனு, டிவி வெச்சிருக்கறவங்களுக்கு எழுதிகீறாங்க. ப்ளக்குக்கு எழுதல." அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அஞ்சு வந்து நம்ம பைபாஸ் மாதிரி. இரும்புலியூர்ல ஏறினா சர்ருனு போரூர் பூடலாம். ஆனா சந்துக்குள்ள நொழையாது, ரெண்டு செவுரு வந்தா மூச்சு வாங்கும். ரெண்டு புள்ளி நாலு நம்ம ஜி.எஸ்.டி. ரோடு. நெரிசல் பேஜார்தான். ஆனா சைக்கிள்காரன், தள்ளுவண்டிக்காரன் எல்லாம் அதுலதான் வரணும். இந்த ப்ளக்கு, என் பழைய போனு, ரெண்டும் தள்ளுவண்டி சார். பைபாஸ்ல ஏறவே உடமாட்டாங்க. நீங்க இன்னா பண்ணிட்டீங்க, தள்ளுவண்டி வர்ற ஒரே ரோட்ட மூடிட்டு, ஏன் இன்னும் வரலன்னு வாசல்ல நிக்கிறீங்க."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று திரும்பினேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தொங்கிய வாய் ஓரத்தில் எச்சில் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார். "என்... நோட்டீஸ்காரன்" என்றார்.

"ஆன் பண்ணு, ஆஃப் பண்ணுன்னு ரெண்டு வார்த்த சொல்லப் போறோம். அதுக்கு எதுக்குண்ணா பைபாஸ்?" என்று அவர் அண்ணனிடம் நியாயம் கேட்டார். அண்ணன் மறுபடி சிரித்தார்.

பிறகு நடந்தது ஐந்து நிமிட வேலை. என் நெட் பெட்டியில் 2.4-ஐத் திறந்தார். அதற்கு வேறு பெயர் வைத்தார். என் கைபேசியை முதலில் அந்தப் பெயரில் சேரச் சொன்னார். ப்ளக்கின் பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்தார். ஆரஞ்சு நின்று நீலமாயிற்று. பதினொன்று இருபத்திரண்டு.

நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "இன்னும் முடியல சார்" என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்சா போதுமா? அண்ணாவுக்கு அமையணுமே. சொல்லுங்கண்ணா."

அண்ணன் முயன்றார். ஸ்பீக்கர், மன்னிக்கவும், புரியவில்லை என்றது. மறுபடி முயன்றார். மறுபடியும் மன்னிப்பு. நாலாவது முறை அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. இத்தனை நாளும் ப்ளக்கைப் பற்றியே யோசித்தவனுக்கு, அண்ணனின் பேச்சு அந்தப் பெட்டிக்குப் புரியுமா என்ற நினைப்பே வரவில்லை.

டெக்னீஷியன் பையை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து, சுவர்ப் பக்கம், அண்ணனின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். அண்ணனின் உதட்டையே பார்த்தார், ப்ளக்கைப் பார்த்த அதே கவனத்தோடு.

"ஃபேன்னு சொல்றப்ப ஒதடு சேர மாட்டேங்குது, இல்லண்ணா?"

அண்ணன் ஆமென்று கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப அத்த உட்ருவோம். அந்த ப்ளக்குக்கு நாம இன்னா பேரு வெச்சாலும் அது திரும்பும். ஃபேன்னுதான் சொல்லணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல. ஒதடு சேராத வார்த்த, உங்க வாய்க்கு சுளுவா வர்றது ஒண்ணு சொல்லுங்க. சாமி பேரு, ஊரு பேரு, திட்டுற வார்த்தையா இருந்தாலும் பரவால்ல."

அண்ணன் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "லைன்" என்றார். குழறல் இல்லாமல், சுத்தமாக வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு தெளிவாக ஒரு சொல் சொல்லி நான் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது, எல்லோரும் இயந்திரங்களிலிருந்து கையை எடுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, அவர் கையை உயர்த்திக் கத்துவது அதுதான்: லைன் ஆன். நிறுத்தும்போது: லைன் கட். நான் விளக்கியதும் நம்மவர் அதையே சொல்லிப் பார்த்தார். "லைன் ஆன். லைன் கட். ஒதடே தேவையில்லண்ணா. ரெடிமேடா வெச்சிகீறீங்க!" ஸ்பீக்கரை அழைக்க அதில் கொடுத்திருந்த நாலைந்து பெயர்களிலும் அண்ணனை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, வாய்க்கு எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ப்ளக்குக்கு 'லைன்' என்று பெயர் வைத்து, 'கட்' என்றால் நிறுத்து என்றும் பதிந்தார். ஸ்பீக்கரை அலமாரி மேலிருந்து எடுத்துத் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப சொல்லுங்கண்ணா. ஷிஃப்ட்டு ஸ்டார்ட்டு."

அண்ணன் ஸ்பீக்கரை அழைத்தார். "லைன் ஆன்."

ஃபேன் சுற்றியது.

"லைன் கட்." நின்றது. "லைன் ஆன்." சுற்றியது. பதினொரு முறை போட்டு நிறுத்தினார். மோட்டார் கெட்டுவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டோடு அவர் முடித்திருக்கலாம். மற்ற பதினைந்து வீட்டிலிருந்தும் எந்தப் புகாரும் கம்பெனிக்குப் போயிருக்கவில்லை. வாயிலருகே இருந்த சின்னச் சங்க அறையின் நெட் பெட்டியிலும் 2.4-ஐத் திறந்துவிடலாம் என்று கீழே இறங்கினோம். அவருடைய பழைய போனின் பேட்டரி தீர்ந்துவிட்டதால், வாயிலில் இருந்த வாட்ச்மேனின் போனை வாங்கிப் பார்த்தார். அதுவும் அதே வகை, அதே கண்.

"சங்க ரூம் நெட் உங்களுக்கு வருமா?" என்று அவரிடம் கேட்டார்.

"முன்ன வந்துச்சும்மா. மூணு மாசமா நிறுத்திட்டாங்க. நோட்டீஸ் போட்டாங்கல்ல. வெளியாளு யாரும் இழுக்கக் கூடாதுன்னு."

"நான் அப்படி எழுதவே இல்லையே!" என்றேன்.

வாட்ச்மேன் சங்கடமாக எழுந்து நின்றார். "எனக்கு அவ்ளோ படிக்க வராது சார். நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே நின்னு போச்சு. சரி, நமக்குத்தான்னு நெனச்சேன்." பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கும் மகளை வீடியோவில் பார்க்க, தினம் எதிர் டீக்கடைக்குப் போய் நிற்கிறாராம்.

"கேட்டிருக்கலாமே" என்றேன். அதைச் சொல்லும்போதே, கூட்டம் நடந்த சனிக்கிழமை அண்ணனிடமும் இதையே கேட்டது ஞாபகம் வந்தது.

நம்மவர் என்னைத் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து சங்கப் பெட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "நாலு வருஷம் கம்ப்ளெயின்ட் எழுதினவ சார் நானு. நல்ல போனு வெச்சிருக்கறவங்கதான் கூப்புடுவாங்க. இந்த மாதிரி போனு வெச்சிருக்கறவங்க கூப்புட மாட்டாங்க. தன் போனுதான் மட்டம்னு நெனச்சிப்பாங்க. அதான் அவங்க போன நான் கைல வெச்சிகினு சுத்தறேன்."

வாட்ச்மேனின் போனில் முழுக் கோடும் வந்தது. பிறகு எங்கள் வீட்டில் தன் பழைய போனுக்கு அரைமணி நேரம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மற்ற பதினைந்து வீட்டுக்கும் ஏறினார். லிஃப்ட் கிடைத்தபோது லிஃப்ட்டில், இல்லாதபோது படியில். நானும் பட்டியலோடு பின்னால் போனேன். மூன்று மாதமாக எரியாத ஸ்மார்ட் பல்புகள், நின்றுபோன கேமரா, பரணில் தூக்கிப் போட்ட ப்ளக்குகள் எல்லாம் வெளியே வந்தன. ஒருவர்கூட என் அறிக்கையைச் சந்தேகிக்கவில்லை. வாங்கிய கடையைத்தான் திட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை பழைய சுற்றறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். செயலாளரின் முந்தைய அறிவுரை தவறானது, இரண்டு அலைவரிசைகளும் திறந்தே இருக்க வேண்டும், இதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் நமது பகுதி டெக்னீஷியன் என்று எழுதினேன். நான் எழுதிய அறிக்கைகளில் மிகச் சிறியதும், பிரதி எடுத்து வைத்திருக்கும் ஒரே ஒன்றும் அதுதான்.

அவர் எங்கள் பகுதியில் இரண்டு வருடமும் சில மாதங்களும் இருந்தார். பிறகு மறைமலை நகர்ப் பக்கம் மேற்பார்வையாளராகப் போனார். அவருக்குக் கீழே வேலை செய்யும் ஒவ்வொருவரும் பையில் ஒரு பழைய போன் வைத்திருக்க வேண்டும் என்பது விதி என்று, அண்மையில் வந்த டெக்னீஷியன் ஒருவர் அலுத்துக்கொண்டு சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஏன் அவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவருக்குப் புரிந்திருக்காது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சூப்பர்வைசர்னா அப்டித்தான்டா" என்றார், தன் இனத்தைப் பற்றிப் பேசுகிற தோரணையில்.

அந்தச் செவ்வாய்க்கிழமையின் கடைசிப் பகுதியை இன்னும் சொல்லவில்லை. பதினாறு வீட்டையும் முடித்துவிட்டு, எங்கள் ப்ளக் நீலமாகவே இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்க அவர் திரும்பி வந்தார். நீலச் சட்டையின் முதுகு முழுக்கக் கறுத்திருந்தது. நெற்றியிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, வழக்கம்போல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். நான் மேசையில் என் பட்டியலில் பதினாறாவது வீட்டுக்கு நேராக நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் கொஞ்சம் முன்புதான் குளிரெடுத்து, ஃபேனை நிறுத்தியிருந்தார். போர்வை கழுத்துவரை இருந்தது.

அண்ணனின் குரல் கேட்டது. "லைன் ஆன்."

ஃபேன் சுற்றியது. தலையை மெல்லத் திருப்பிக்கொண்டு சுவரோரம் வந்தது. தரையில் இருந்தவரின் கலைந்த முடி பறந்தது. அவர் முதலில் ப்ளக்கைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"உங்களுக்குக் குளுருதேண்ணா. எதுக்குப் போட்டீங்க?"

"எனக்கு இல்லமா" என்றார் அண்ணன். "உனக்கு."

அவர் என்னிடம் திரும்பி, புகார் எழுதுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார். "பதினாறு வூடு ஏறி எறங்கினேன் சார். தண்ணி குடுத்தாங்க, காபி குடுத்தாங்க, நல்லவங்கதான். எனக்குன்னு ஃபேன் யாரும் போடல."

முதல் வீடு என்னுடையது. காலை பத்து நாற்பதிலிருந்து அவரோடு இருந்தவன் நான். எல்லா நேரங்களையும் குறித்திருந்தேன்.

"காத்து... இந்தப் பக்கம் வருது. திரும்பி உக்காருமா" என்றார் அண்ணன், ஷிஃப்ட்டில் ஆளை இடம் மாற்றுகிற குரலில். அவர் திரும்பி உட்கார்ந்து, ஃபேனுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எழுந்து போகும்வரை அண்ணன் 'லைன் கட்' சொல்லவில்லை.

அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரி இது. செவ்வாய், மாலை நான்கு பத்து. அண்ணன் டெக்னீஷியனுக்கு ஃபேன் போட்டார்.